வாட்டைப் பார்த்து அம்ப் வாங்காதீர்கள்

வால்வு அம்ப்ளிபயர் வாங்க விரும்பும் இளைஞர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “இது எத்தனை வாட்?” என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. நீங்கள் எந்த இசையை வாசிக்கிறீர்கள், எந்த மின்சாரத்தில் வாசிக்கிறீர்கள், பழுதானால் யார் திருத்துவார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னர்தான் வாட் கணக்குக்குப் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் வெளிவரும் ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்க அல்லது ஐரோப்பிய வாசகனை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. அவற்றை அப்படியே சிலாபத்துக்குக் கொண்டுவந்தால் பணமும் போகும், சில வேளை உயிரும் போகும். மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இசையைப் பார்ப்போம். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் ஊடாகப் புத்தளம் வரை நீளும் கரையோரத்தில், கிற்றார் இல்லாத கல்யாண வீடும் திருநாள் இரவும் அரிது. பைலாவின் வேர்களில் ஒன்று புத்தளம் மாவட்டத்துச் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மஞ்சா இசையில் இன்றும் உயிரோடிருக்கிறது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்டியன் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை நாடறிந்த மேடைப் பாடலாக்கினார். எழுபதுகளில் தமிழ்ப் பொப் பாடகர்கள் அந்தத் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ‘சுராங்கனி’யைத் தமிழகம் வரை எடுத்துச்சென்ற ஏ.ஈ. மனோகரன் 2018இல் மறைந்தபோது, அந்தத் தலைமுறையின் பெரிய குரலொன்று ஓய்ந்தது. தாளம் மட்டும் ஓயவில்லை. தமிழும் சிங்களமும் ஒரே வீட்டில் புழங்கும் எங்கள் கரையோரத்தில் இரு மொழிப் பாடலுக்கும் அதே ஆறெட்டுத் தாளம்தான், அதே கிற்றார்தான்.

இந்த வரலாற்றை நான் சும்மா சொல்லவில்லை. அம்ப் தெரிவில் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

வால்வு என்பது வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்வாயைச் சேர்த்ததன் வழியே சிறு மின்குறியைப் பெரிதாக்கும் கலை பிறந்தது. 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் உருவானது. இரண்டு மூன்று தசாப்தங்களுக்குள் வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சியும் வால்வைக் கைவிட்டன. கிற்றார்க்காரர்கள் மட்டும் விடவில்லை. வால்வை அதன் எல்லைக்கு மேல் உந்தினால் ஒலி படிப்படியாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு காதுக்கு இனிக்கும், விரலின் அழுத்தத்துக்கேற்ப மாறும். சாதாரண டிரான்சிஸ்டர் அம்ப் எல்லையைத் தாண்டும்போது சட்டென்று வெட்டுண்டு கத்தும். றொக், புளூஸ் இசைக்கலைஞர்கள் வால்வைக் கொண்டாடுவதன் முதற்காரணம் இதுதான்.

ஆனால் பைலாவுக்குத் துணை வாசிக்கும் கிற்றார் கரகரக்கக் கூடாது. கோர்ட்டுகள் ஒவ்வொன்றும் வெட்டியெடுத்தாற்போல் துலங்கித் தாளத்தோடு துள்ள வேண்டும். ஆகவே எங்களுக்கு வேண்டியது எளிதில் கரகரக்கும் அம்ப் அன்று. போதிய சத்தத்திலும் தெளிவு குலையாத அம்ப். மேலைநாட்டு ஆலோசகர்கள், “ஐந்து வாட் வால்வு அம்ப் போதும், விரைவாகவே கரகரக்கும்” என்று புகழும்போது, அவர்கள் சிறப்பு என்று சொல்வது நமக்குக் குறையாகிவிடுகிறது.

இனி வாட் கணக்கு. ஐந்து வாட்டுக்கும் ஐம்பது வாட்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்று விலைப்பட்டியல் காட்டும். காது அப்படிக் கணக்கிடுவதில்லை. வலுவை இரட்டித்தால் மூன்று டெசிபல் மட்டுமே கூடும். பத்து மடங்காக்கினால் பத்து டெசிபல். அது சாதாரணக் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும், அவ்வளவுதான். மறுபுறம், ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் தருவதைப் பூட்டினால், வாட்டை இரட்டித்த பயன் கிடைத்துவிடும். எட்டு அங்குல ஸ்பீக்கரும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் ஒரே அம்ப்பை இரு வேறு கருவிகளாக ஒலிக்கச் செய்வதை எவரும் கேட்டறியலாம். எனவே முன்பக்கம் எழுதியிருக்கும் வாட்டைக் காட்டிலும் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் முக்கியமானது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: வீட்டுப் பயிற்சிக்கும், ஐம்பது நூறு பேர் கூடும் சிறு நிகழ்ச்சிக்கும், பதினைந்து முதல் இருபது வாட் வரையான வால்வு அம்ப், முடிந்தவரை பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், சத்தத்தைத் தனியே குறைக்கும் ‘மாஸ்டர்’ குமிழ். அதற்கு மேற்பட்ட கூட்டமென்றால் அம்ப்பின் முன் ஒரு மைக்கை வைத்து மேடையின் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடலாம். நாற்பது வாட் அம்ப்பை முச்சக்கர வண்டியில் ஏற்றி இறக்குபவருடைய முதுகையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

உதாரணங்கள் இல்லாமல் பேசுவது பயனற்றது. ஃபெண்டர் நிறுவனத்தின் புளூஸ் ஜூனியர் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்தது. இரண்டு ஈஎல்84 வால்வுகள், பதினைந்து வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ பதினான்கு கிலோ எடை. நல்ல கருவி, ஆனால் புதிதாக வாங்கினால் 700 அமெரிக்க டொலரைத் தாண்டும். சுங்கத்தையும் கப்பற்கூலியையும் சேர்த்தால் ஒரு கல்யாண வீட்டு வாசிப்பாளருக்கு அது ‘மலிவு’ ஆகாது. லேனி நிறுவனத்தின் கப் 12 அதே பதினைந்து வாட் வகை. ஒரு வாட்டுக்கும் குறைவாக ஒலிக்கும் தனி உள்ளீடும் உண்டு, இரவுப் பயிற்சிக்கு உகந்தது. புகேரா வி22 இருபத்திரண்டு வாட், பன்னிரண்டு அங்குலம். அதன் தம்பியான வி5 ஐந்து வாட். அதனை ஒரு வாட்டுக்கும் பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைக்கலாம். அறைக்குள் மட்டும் வாசிப்பவருக்கு அது போதும், மேடைக்கு அது ஏறாது. இவற்றில் எது நல்ல நிலையில், பழையதாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, உங்கள் கிற்றாரையே கொண்டுபோய் அரை மணி நேரமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். சூடேறிய பின்னர்தான் வால்வின் குறைகள் வெளிவரும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வால்வு வைத்திருப்பது ஒரு சாதிச் சின்னம் அன்று. தெளிவான ஒலிதான் வேண்டுமென்றால், றோலண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 முழுக்க டிரான்சிஸ்டரில் இயங்குவது. தெளிவுக்கு உலகம் முழுவதும் இன்றும் அதனையே அளவுகோலாகச் சொல்கிறார்கள். கையில் பணம் குறைவு, வாசிப்பு வீட்டுக்குள்தான் என்றால் சிறிய டிரான்சிஸ்டர் அம்ப் வாங்குங்கள். யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. வால்வின் இதமும், விரலுக்கு அது தரும் மறுமொழியும் வேண்டும் என்று காதால் உணர்ந்தவர் மட்டும் அதற்குரிய பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டு வாங்கட்டும்.

அடுத்தது மின்சாரம். இந்தப் பகுதி புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்காகவும் எழுதப்படுகிறது. ஊரிலுள்ள மருமகனுக்கு அல்லது தங்கை மகனுக்கு ஒரு நல்ல அம்ப் அனுப்ப வேண்டும் என்ற அன்பு பலருக்கு உண்டு. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ மெல்பேர்னிலிருந்தோ, வென்னப்புவப் பக்கத்தவர் பலர் தொழில் பார்க்கும் இத்தாலியிலிருந்தோ வரும் அம்ப்புக்குச் செருகியை மாற்றினால் பெரும்பாலும் போதும். ரொறன்ரோவிலிருந்தோ நியூ ஜேர்சியிலிருந்தோ வருவது அப்படியன்று. அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது. நேராக இங்கே செருகினால் உருகி எரிவதோடு நின்றால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்போமரும் வால்வுகளும் சேர்ந்து போகலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்போமர் வைத்தால் இயங்கும். ஆயினும் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமே கணக்கிட்டுச் செய்யப்பட்ட சில பழைய அமெரிக்க அம்ப்கள் 50 ஹேர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அன்பர்களே, அனுப்பு முன் அம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். 230 வோல்ட் தெரிவு அதில் இல்லையென்றால் அம்ப்பை அனுப்பாமல் அந்தப் பணத்தை அனுப்புங்கள்.

மலிவான அந்த டிரான்ஸ்போமர்களில் இன்னொரு வஞ்சகம் இருக்கிறது. பலவற்றில் இரண்டு துளைகள்தான். மூன்றாவது ஊசியான எர்த் எங்கும் போய்ச் சேராது. உயிர் போகும் என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதனால்தான்.

கிற்றாரின் தந்திகள் அம்ப்பின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பு உள்ளவை. சட்டம் நிலத்தோடு இணைந்திருந்தால் வாசிப்பவருக்கு அது பாதுகாப்பு. எர்த் அறுந்த அம்ப்பில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் தந்தியே மின்கம்பியாகிவிடும். கையில் கிற்றார், உதட்டருகே மைக். இரண்டுக்கும் இடையில் மின்சாரம் செல்வதற்கு இருக்கும் பாதை பாடகரின் உடல்தான். 1972 மே மாதத்தில் ஸ்ரோன் த குரோஸ் குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டுச் சுவான்சியில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். நான்கு ஆண்டுகளின் பின் 1976இல், யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், எர்த் சரியாக இல்லாத கிற்றாரை வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கையில் மின் தாக்கி மாண்டார். வளர்ந்த நாடொன்றில், தொழில்முறைக் கலைஞர்களுக்கு நேர்ந்தவை இவை. நமது கொட்டகைகளை நினைத்துப் பாருங்கள். அயல்வீட்டு யன்னல் வழியாக இழுத்த வயர், மழையில் நனைந்த மணல், செருப்பில்லாத கால், எர்த் ஊசி உடைக்கப்பட்ட செருகி.

ஆதலால் அம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கை இதற்குச் செலவிடுங்கள். வீட்டில் நிலத்தில் அடித்த எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் உரிய வேளையில் விழுகிறதா என்று தகுதியுள்ள மின்னாளரைக் கொண்டு சோதியுங்கள். மேடைக்குப் போகும்போது, 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் பொருத்திய நீட்சி வயர் ஒன்றைக் குழுவின் சொந்தச் சொத்தாக எடுத்துச்செல்லுங்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக எர்த் ஊசியைக் கழற்றச் சொல்பவர் எவ்வளவு பெரிய வித்துவானாயினும் அவர் பேச்சைக் கேளாதீர்கள்.

கடைசியாக, திருத்துபவர். வால்வு அம்ப்புக்குள் முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும். நிறுத்திச் செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். எனவே ‘திறந்து பார்ப்போம்’ என்ற பேச்சே வேண்டாம். வால்வு றேடியோக்களில் கைபழகிய திருத்துநர்களின் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அம்ப் வாங்கு முன் அவரைத் தேடிப் போங்கள். வாங்க நினைக்கும் அம்ப்பின் சுற்று வரைபடத்தை அவரிடம் காட்டி, “ஐயா, இதைத் திருத்துவீர்களா?” என்று கேளுங்கள். அவர் தலையசைத்த அம்ப்பை வாங்குங்கள். எந்த விளம்பரமும் தராத உத்தரவாதம் அது. கூடவே ஓர் இளைஞனையும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது; அந்தக் கை வேலை அவரோடு முடிந்துவிடக் கூடாது.

வால்வுகளும் தேய்பவை. தொடர்ந்து மேடையேறும் அம்ப்பில் வலு வால்வுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மாற்ற நேரும். இன்று அவற்றைப் பெருமளவில் செய்யும் நாடுகள் ரஷ்யா, சீனா, சுலோவாக்கியா ஆகிய மூன்றுமே. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகெங்கும் வால்வு விலை ஏறியது. அதே மாதத்தில்தான் 200 ரூபாவாக இருந்த டொலர் ஏறத் தொடங்கி, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எங்கோ நடக்கும் போரும் எங்கள் நாணயத்தின் வீழ்ச்சியும் ஒரு கிற்றார்க்காரரின் வருமானத்தில் ஒருங்கே கைவைத்ததை அப்போது கண்டோம். ஆகவே ஈஎல்84, 12ஏஎக்ஸ்7 போன்ற, பல நிறுவனங்கள் செய்யும் பொதுவான வால்வுகளைப் பாவிக்கும் அம்ப்பையே தெரிவு செய்யுங்கள். அம்ப் வாங்கும் அன்றே மாற்று வால்வுத் தொகுதி ஒன்றையும் வாங்கி, கடற்காற்றின் ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்குவது பெரும் சிரமம் என்று சிலர் சொல்லக்கூடும். திருநாள் காலத்திலும் கல்யாண மாதங்களிலும் கிடைக்கும் சொற்ப வருமானத்தைச் சேர்த்துவைத்து, வீட்டுச் செலவையும் ஒறுத்து ஓர் இளைஞன் வாங்கும் பொருள் இது. அது அவனுக்குப் பத்து ஆண்டு உழைக்க வேண்டும். பெயரையும் வாட்டையும் பார்த்து ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். எர்த், வோல்ட், ஸ்பீக்கர், வால்வு, திருத்துநர் என்ற வரிசையில் பார்த்து வாங்க ஒரு மாதம் பிடிக்கலாம். அந்த ஒரு மாதத்தைப் பொறுத்திருங்கள். கிற்றார் எங்கும் ஓடிவிடாது.