பள்ளிக்கூடமே பயணப்பட்டது!

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவது வழக்கம். பள்ளிக்கூடமே பெட்டி படுக்கையுடன் ரயிலேறி வேறு ஊருக்குப் போனதுண்டா? 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அந்த அதிசயம் நடந்தது. நடத்திக் காட்டியவர் எட்வர்டு த்ரிங் என்ற தலைமை ஆசிரியர்.

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் சர்க்கார் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் கட்டிப் பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிக்க வைக்கும் தனியார் பள்ளிக்கூடத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

த்ரிங் சிறு வயதில் படித்தது பிரசித்தி பெற்ற ஈட்டனில். பெயர்தான் பெரிது. உபகாரச் சம்பளம் பெற்ற பிள்ளைகளை இரவில் ஒரு நீண்ட கூடத்தில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வலுத்தவன் வைத்ததே சட்டம். பிற்பாடு கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியாராகி, கிளாஸ்டர் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். குழந்தைக்குப் புரியவில்லை என்றால் சொல்லிக் கொடுப்பவரிடம்தான் குறை என்பதை அவர் தெரிந்துகொண்டது அங்கேதான்.

1853-ல் அப்பிங்காம் என்ற சிற்றூரில் தலைமை ஆசிரியரானபோது அவருக்கு வயது 31. மாணவர்களோ சுமார் 25 பேர்! அதே வருஷம் மேரி என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்துகொண்டார். ஈட்டனில் தாம் பட்ட பாடு தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று, ஒவ்வொரு பையனுக்கும் படுக்கத் தனித் தடுப்பும் படிக்கத் தனியாகச் சின்ன அறையும் கொடுத்தார். லத்தீன் ஏறாத பையனை மக்கு என்று ஒதுக்கவில்லை. அவனுக்குத் தச்சுப் பட்டறை இருந்தது. 1859-ல் தேகப் பயிற்சிக் கூடமும் வந்தது. தமக்குச் சங்கீத ஞானம் இல்லாவிட்டாலும் ஜெர்மனியிலிருந்து சங்கீத ஆசிரியர்களை வரவழைத்தார். மாணவர் தொகை 300-ஐ எட்டியதும், அதற்கு மேல் பெருக்குவதை அவர் விரும்பவில்லை. ஆசிரியருக்கு முகம் தெரியாத பிள்ளை பள்ளியில் இருக்கக் கூடாதாம்!

இந்த வேளையில்தான் இடி விழுந்தது. 1875-ல் டைபாய்டு ஜுரம் பரவிச் சில மாணவர்கள் மாண்டுபோனார்கள். ஊரின் சாக்கடையும் தண்ணீரும் சரியில்லை. சரிசெய்ய வேண்டியவர்களோ செலவுக்குப் பயந்து நாளைக் கடத்தினார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, மறுபடி அழைத்தால் மறுபடியும் ஜுரம்! பெற்றோர்கள் பதறிப் போனார்கள். விடுதிகளைக் கட்டியதில் ஆசிரியர்களின் கைப்பணம் முடங்கியிருந்தது. பள்ளியை மூடினால் அத்தனை குடும்பங்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

த்ரிங் மூடவில்லை. வேல்ஸ் நாட்டு மேற்குக் கரையில் போர்த் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரு ஹோட்டலையும் சுற்றியிருந்த வீடுகளையும் வாடகைக்குப் பிடித்தார். வீடு மாற்றும் அவஸ்தை நம் பெண்மணிகளுக்குத் தெரியும். ஐந்தாறு பேர் குடும்பத்துக்கே அம்மிக்கல் ஒரு வண்டி, அடுக்குப் பாத்திரம் ஒரு வண்டி. இங்கே கிட்டத்தட்ட 300 பிள்ளைகள், ஆசிரியர்கள், அவர்கள் குடும்பங்கள், கட்டில், மெத்தை, புத்தகம்! மார்ச்சில் தீர்மானித்து ஏப்ரலில் பாடம் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே வாசம். 1877 ஜனவரியில் கடல் பொங்கிக் கிராமத்துக்குள் புகுந்தபோது, மாணவர்களும் கிராமத்தாருடன் சேர்ந்து கரையைப் பலப்படுத்தினார்கள். இதற்குள் அப்பிங்காமில் சாக்கடையும் குடிநீரும் சீராயின. 1877-ல் பள்ளிக்கூடம் ஊர் திரும்பியது.

பெண்களுக்கு உயர்ந்த படிப்பு எதற்கு என்று பலர் கேட்ட காலம் அது. 1887-ல் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியைகளின் மகாநாட்டைத் தம் பள்ளிக்கே அழைத்துக் கௌரவித்தார் த்ரிங். அதே வருஷம் அக்டோபரில், பதவியில் இருக்கும்போதே காலமானார்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நாம் கட்டிடத்தைப் பார்க்கிறோம். பரீட்சையில் முதலாவதாக வந்தவன் பெயரை விசாரிக்கிறோம். கடைசிப் பெஞ்சில் இருக்கும் பையனின் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.