கெண்டைக்கால் வலி நடிப்பல்ல!

திருவனந்தபுரத்தில் மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். காய்ச்சல் தணிந்தபின் பிள்ளை, "கெண்டைக்கால் வலிக்கிறது, நடக்க முடியவில்லை" என்றால், பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்று அதட்டாதீர்கள். ஃப்ளூவுக்குப்பின் குழந்தைகளுக்குத் தசை அழற்சி வருவதுண்டு. 1957-லேயே சுவீடன் மருத்துவர் லுண்ட்பெர்க் இதை விவரித்துள்ளார். பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் ஓய்விலேயே குணமாகும். அபூர்வமாகத் தசை சிதைந்தால் சிறுநீர் கறுக்கும், சிறுநீரகமும் பழுதாகலாம். இங்கே பரவலான எலிக்காய்ச்சலிலும் கெண்டைக்கால் வலி உண்டு.

ஆகவே தைலம் தேய்த்து, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருப்பது சரியல்ல என்பதே என் கருத்து. மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கறுத்தாலோ, கால் துவண்டாலோ உடனே எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கு ஓடுங்கள். மலையாளம் சரளமாக வராதே என்று தயங்கவேண்டாம். "மூத்ரம் கட்டன்சாயா போலெ" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.