அரசு பஸ் டிரைவருக்கு ஓவர் ஸ்பீடு ஃபைன் போட முடியுமா? டைம் டேபிள் போட்டவரும் சிக்குவாரா? சட்டம் சொல்வது இதுதான்!

பஸ் பறக்கிறது. கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள். "கொஞ்சம் மெதுவா போங்கண்ணே" என்று ஒரு குரல் வந்தால், "டைம் ஆச்சுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

பைக்கில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போனாலே மொபைலுக்கு சலான் வரும் காலம் இது. அப்படியென்றால் இந்த பஸ்ஸுக்கு? அதுவும் அரசு பஸ்ஸாக இருந்தால்?

சுருக்கமான பதில்: தாராளமாக ஃபைன் போடலாம். ஆனால் சட்டம் டிரைவரோடு நிற்கவில்லை. அவரை அந்த வேகத்தில் ஓட்ட வைத்தவரையும் கேள்வி கேட்கிறது.

அரசு பஸ்ஸுக்கு விலக்கு உண்டா?

வேக வரம்பில் கிடையாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு, வேக வரம்பைத் தாண்டி யாரும் ஓட்டக்கூடாது என்கிறது. கார், தனியார் பஸ், ஆம்னி பஸ், அரசு பஸ் எல்லாமே இதில் அடக்கம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் கதை வேறு. தனி நிதி ஒன்றை உருவாக்கி வைத்திருந்தால், அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு விலக்கு கொடுக்கலாம் என்று 146-வது பிரிவு சொல்கிறது. வேகத்துக்கு அப்படி ஒரு சலுகை இல்லை.

2024 மே மாதம் நடந்தது நினைவிருக்கலாம். நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்த வீடியோ வைரலானது. வாரண்ட் இருந்தால்தான் போலீஸாருக்கு இலவசப் பயணம் என்றது போக்குவரத்துத் துறை. அடுத்த சில நாட்களில் நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று அரசு பஸ்களுக்கு வரிசையாக ஃபைன் விழுந்தது. இரண்டு துறைச் செயலாளர்களும் பேசிய பிறகே விவகாரம் அடங்கியது. அரசு பஸ்ஸுக்கும் சலான் போடலாம் என்பது அப்போது ஊருக்கே தெரிந்துபோனது.

ஃபைன் எவ்வளவு?

2019-ல் திருத்தப்பட்ட 183-வது பிரிவின்படி:

• கார் போன்ற இலகு ரக வாகனம்: ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை
• பஸ், லாரி போன்ற நடுத்தர, கனரக வாகனம்: ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை
• இரண்டாவது முறை சிக்கினால்: டிரைவிங் லைசென்ஸ் பறிமுதல்

தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் இருந்து அமலில் இருக்கின்றன.

பொதுமக்களுக்கு ஆபத்தான வேகத்தில் ஓட்டினால் 184-வது பிரிவும் பாயும். முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

நமக்கு லைசென்ஸ் போனால் சில மாதம் பஸ்ஸில் போவோம். பஸ் டிரைவருக்கு லைசென்ஸ்தான் சோறு. அதனால் அவருக்கு ஃபைன் தொகையைவிட இதுதான் பெரிய அடி.

பார்த்தாலே தெரியுது என்றால் போதுமா?

போதாது. ஒரே ஒரு சாட்சி, "பஸ் வேகமா போச்சு" என்று தன் கருத்தைச் சொன்னதை மட்டும் வைத்து தண்டிக்க முடியாது. அந்தக் கணக்கு ஸ்பீடு கன், கேமரா போன்ற கருவியில் பதிவாகி இருக்க வேண்டும்.

கேமராவில் சிக்கினால், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது 2021-ல் வந்த 167ஏ விதி. நம்பர் பிளேட் தெரியும் போட்டோ, பதிவான வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தப்பு இல்லை என்று நினைத்தால் சலானை எதிர்த்து முறையிடலாம்.

சலான் யார் பெயருக்கு வரும்?

போலீஸ் நேரில் மடக்கினால் டிரைவர் பெயரிலேயே போடலாம். கேமராவுக்கு நம்பர் பிளேட்தான் தெரியும். ஸ்டியரிங்கில் இருப்பவர் யார் என்று தெரியாது. அதனால் நோட்டீஸ் வண்டியின் ஓனருக்குப் போகும். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம், தனியார் பஸ் என்றால் கம்பெனி.

ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால், ஓனர் சொல்லியே ஆக வேண்டும். 133-வது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. டியூட்டி பதிவைப் புரட்டினால் அந்த டிரிப்பை ஓட்டியவர் பெயர் வந்துவிடும். பெரும்பாலும் விசாரணையும் அந்தப் பெயரோடு முடிந்துவிடும்.

ஸ்பீடு கவர்னர் இருக்குமே?

2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான பஸ்களில் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி கவர்னர் இருக்க வேண்டும். ஆனால் அது ஹைவேயில் மட்டும்தான் உதவும்.

சென்னையில் 2023 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி கனரக வாகனத்துக்கு வரம்பு 50 கி.மீ., குடியிருப்புப் பகுதியில் 30 கி.மீ. அங்கே 70-ல் போனாலும் கவர்னர் சும்மாதான் இருக்கும்.

டைம் டேபிள் போட்டவரும் குற்றவாளியா?

பலர் கவனிக்காத இடம் இது. தன் கீழ் வேலை செய்பவரை வரம்பு மீறி ஓட்ட வைப்பவருக்கும் அதே ஃபைன்தான் என்கிறது 183-வது பிரிவு.

அதன் 4-வது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேரவே முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த டைம் டேபிளோ உத்தரவோ, அதைக் கொடுத்தவருக்கு எதிரான முதல்கட்ட ஆதாரம் ஆகிவிடும். அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தூரம் 48 கி.மீ., கொடுத்த நேரம் 50 நிமிடம். வழியில் 14 ஸ்டாப், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம். மீதி 36 நிமிடத்தில் 48 கி.மீ. போக வேண்டும் என்றால் சராசரியாகவே 80 கி.மீ. வேகம் வேண்டும். அந்த ரோட்டில் வரம்பு 60 என்றால், எந்த டிரைவராலும் முடியாது. சிக்னல், டிராஃபிக் எல்லாம் இன்னும் கணக்கில் சேரவே இல்லை.

லேட்டாகப் போனால் டெப்போவில் விளக்கம் கேட்பார்கள். தனியார் பஸ்ஸில் டைமிங் தவறினால் பின்னால் வரும் பஸ் கலெக்‌ஷனை அள்ளிவிடும். வேகமாகப் போனால் போலீஸ் ஃபைன். நடுவில் மாட்டிக்கொள்வது டிரைவர்.

அதற்காக அவர் தப்பித்துவிட முடியாது. ஆக்சிலரேட்டரை மிதித்தது அவர் கால்தான். ஆனால் அவரிடம் மட்டும் பணம் வாங்கிவிட்டு அதே டைம் டேபிளை விட்டுவைத்தால், நாளை வேறொரு டிரைவர் அதே வேகத்தில்தான் ஓட்டுவார்.

பயணிகள் என்ன செய்யலாம்?

பஸ் நம்பர், ரூட், தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போக்குவரத்துக் கழகத்திலோ, ஆர்.டி.ஓ. ஆபீஸிலோ, டிராஃபிக் போலீஸிலோ புகார் கொடுக்கலாம். டிக்கெட்டை வைத்திருந்தால் எந்த டிரிப் என்று கண்டுபிடிப்பது எளிது.

ஒரே ரூட்டில் தினமும் இதே வேகம் என்றால், அந்த டிரிப்புக்குக் கொடுத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று சேர்த்துக் கேளுங்கள். அரசு பஸ் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டும் கேட்கலாம்.