சுங்கத் தராசில் மனித உரிமையா?

பாலவனத்தம் கரிசலில் மடி கட்டிப் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கும், அருப்புக்கோட்டை மில்லில் அறுந்த நூலை இணைக்கும் தொழிலாளிக்கும் ஐரோப்பாவின் சுங்கச் சட்டத்தைப் பற்றி என்ன கவலை? கவலை உண்டு, தோழர்களே! இலங்கையில் நடந்ததைப் பாருங்கள்.

2005இல் ஐரோப்பிய யூனியன் இலங்கைக்கு ஒரு சலுகை தந்தது. ‘ஜி.எஸ்.பி. பிளஸ்’ என்று அதற்குப் பெயர். மனித உரிமை, தொழிலாளர் உரிமை முதலிய 27 சர்வதேச ஒப்பந்தங்களை மதித்து நடந்தால் ஆயத்த ஆடைக்குச் சுங்கம் இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். சித்திரவதைத் தடை உள்ளிட்ட மூன்று ஒப்பந்தங்களை இலங்கை அமல் நடத்தவில்லை என்று கூறி, 2010 ஆகஸ்ட் 15இல் சலுகையை நிறுத்தினார்கள்.

ராஜபக்சே சர்க்காரின் குற்றத்தை மூடி மறைக்க நாம் வரவில்லை. நாம் கேட்பது இதுதான்: தண்டனை யார் தலையில் விழுந்தது? ஆடைக்கு 9.6 சதவீதச் சுங்கம் ஏறியது. அதை மந்திரிகள் தங்கள் மடியிலிருந்தா கட்டினார்கள்? லாபம் குறைந்தால் முதலாளி முதலில் எங்கே கை வைப்பான் என்று மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

2017 மே மாதம் சலுகை திரும்ப வந்தது. விசாரணையின்றிச் சிறையில் தள்ளும் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ அப்போதும் நீக்கப்படவில்லை. இதுவா உரிமைக் காவல்?

இந்தத் தராசு புதிதல்ல. 1974இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஜாக்சன்–வானிக் திருத்தத்தை நிறைவேற்றியது. குடிமக்களை வெளியேற விடாத சோஷலிஸ்ட் நாடுகளுக்குச் சகஜ வர்த்தக அந்தஸ்து இல்லை என்றது. 1973இல் சிலியில் ரத்தம் குடித்து ஆட்சி பிடித்த பினோசேவை அந்தச் சட்டம் தீண்டவேயில்லை. பகைவனுக்கு ஒரு படிக்கல், கூட்டாளிக்கு வேறு படிக்கல்!

பின் உரிமையைக் காப்பது எது? கட்டுநாயக்கா பதில் சொல்கிறது. 2011 மே மாதம், கூலியில் பிடித்தம் செய்யும் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அங்குள்ள சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் வீதியில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தான். ஆனால் மசோதாவை சர்க்கார் கைவிட நேர்ந்தது. ஐரோப்பாவின் சுங்கத்துக்கு அசையாத சர்க்கார், தொழிலாளியின் ஒற்றுமைக்கு அசைந்தது!

அந்நிய துரைமார் தராசு ஏறும், இறங்கும். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வயலிலும் மில்லிலும் கட்டும் சங்கமே நம் உரிமைக்குக் காவல்!