குலநோயும் தலைவிதியும்

1895-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்ட்ரெட் வார்தின் என்ற வைத்தியரிடம் ஒரு தையற்காரி தன் துயரத்தைக் கூறினாள். தன் குலத்தில் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் கண்டு மாண்டனர் என்றும், தானும் இளமையிலேயே மாள்வது நிச்சயம் என்றும் சொன்னாள். பின்னர் கருப்பைப் புற்றுநோயாலேயே அவள் இறந்தாள். வார்தின் அவள் சொல்லை அலட்சியம் செய்யவில்லை. அக்குடும்பத்தின் சரித்திரத்தை ஆராய்ந்து 1913-ல் வெளியிட்டார். எனினும் வைத்திய உலகம் நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966-ல் ஹென்றி லிஞ்ச் என்பவர் இத்தகைய வேறு இரு குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். 1993-லும் 1994-லும் காரணமான மரபணுக்கள் அகப்பட்டன.

உயிரணு பிரியும்பொழுது மரபுச் செய்தி நகலெடுக்கப்படுகிறது. அதில் நேரும் தவறுகளைத் திருத்தும் மரபணுக்கள் சிலவுண்டு. அவற்றுள் ஒன்று பழுதுபட்டுப் பிதுரார்ஜிதமாக வருவதே இந்நோயின் வேர். பிழை திருத்துவோர் இல்லாத அச்சுக்கூடம் என்னவாகும் என்பதை நாம் நன்கறிவோம்! பெற்றோரில் ஒருவரிடம் இக்குறை இருப்பின், குழந்தை ஒவ்வொன்றுக்கும் அது வருவதும் வராததும் சரிபாதி.

இதைத் தலைவிதி என்று சொல்லிக் கைகட்டி இருப்பவர்களுக்கு நமது மறுமொழி பின்லாந்திலிருந்து வருகிறது. அங்கே இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்தவர்களை வைத்தியர்கள் 15 வருஷ காலம் கவனித்தனர். மூன்று வருஷத்திற்கொருமுறை குடலை உள்நோக்கிப் பரிசோதித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூடப் பெருங்குடற் புற்றுநோயால் இறக்கவில்லை. பரிசோதனை செய்து கொள்ளாதவர்களில் 9 பேர் இறந்தனர். இம்முடிவு 2000-ல் வெளியாயிற்று.

நோய் வந்துவிட்ட பின்னரும் நம்பிக்கைக்கு இடமுண்டு. திருத்தப்படாத பிழைகள் மலிந்த கட்டியை, உடலின் காவற்படை அந்நியனென்று எளிதில் அடையாளம் காண்கிறது. அக்காவற்படையின் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தை, நோய் பரவிவிட்ட இத்தகையோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். நோய் மேலும் முற்றாதிருந்த காலம் நடுத்தரமாக 16.5 மாதம், பழைய மருந்துகளால் 8.2 மாதமே. இது 2020-ல் வெளியான செய்தி. ஆகவே, கொல்ல வந்த குறையே பிழைக்கவும் வழி காட்டுகிறது.

ஆனால் குறையை அறிந்தாலன்றோ வழி திறக்கும்? தந்தை எந்நோயால் இறந்தார் என்பதை மக்களுக்குச் சொல்லாமல் மறைக்கும் குடும்பங்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. கலியாணம் தடைப்படும், உத்தியோகம் போகும் என்ற அச்சமே காரணம். அச்சம் ஆதாரமற்றதன்று. அதனாலேயே அமெரிக்கா 2008-ல், மரபணுவைக் காரணங்காட்டி வேலையையும் வைத்திய இன்ஷூரன்ஸையும் மறுக்கலாகாதென்று சட்டம் செய்தது. ஆயுள் இன்ஷூரன்ஸை அச்சட்டம் தொடாமல் விட்டது பெருங்குறையென்பது நமது அபிப்பிராயம். உண்மையைச் சொல்பவனுக்குத் தண்டனை விதித்துவிட்டு, ஏன் மறைத்தாய் என்று கேட்பது நியாயமாகாது.

பெருங்குடற் புற்றுநோய்க் கட்டி ஒவ்வொன்றையும் இக்குறை உண்டா என்று வைத்தியர்கள் சோதிக்க வேண்டும். குறை கண்டால் உடன்பிறந்தாரையும் மக்களையும் எச்சரிக்கும்படி நோயாளியிடம் சொல்ல வேண்டும். சட்டம் அவர்களுக்குப் பூரணக் காவலாக நிற்க வேண்டும். அந்தத் தையற்காரி வாய் திறந்து சொன்னாள்; அவளைக் காக்கும் வித்தை அன்று இல்லை. இன்று வித்தை இருக்கிறது. வாய் மூடியிருப்பதால் ஓருயிரும் போகலாகாது.