ராகு விழுங்கிய சூரியனும் ஹீலியமும்

1868-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி அன்றைய சென்னை ராஜதானியில் பூரண சூரியகிரகணம் தெரிந்தது. நமது ஜனங்கள் வழக்கம்போல் சோற்றுப் பானைமேல் தர்ப்பையைப் போட்டு, கர்ப்பஸ்திரீகளை இருட்டறையில் அடைத்து, ஆற்றிலும் குளத்திலும் முழுகி, புரோகிதருக்குத் தட்சணை கொடுத்தார்கள். அதே ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் கடல் கடந்து வந்த ஜான்சென் என்கின்ற பிரெஞ்சுக்காரர், ஒளியைப் பிரித்துக் காட்டும் ஒரு கருவியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். நம்மவர்களுக்குக் கிடைத்தது ஈரவேட்டி. அவருக்கும் அன்று அதேபோல் பார்த்த மற்றவர்களுக்கும் கிடைத்தது, சூரியனின் ஓரத்தில் எழும் ஜுவாலையில் சில பிரகாசமான கோடுகள்.

கோடுகளால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அடுப்பு நெருப்பில் உப்பைத் தூவினால் மஞ்சளாய் எரிவதை நமது பெண்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு மூலப்பொருளும் காய்ந்து ஒளிவிடும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டும். கைரேகையைப்போல், ஒன்றினுடையது மற்றொன்றுக்கு இராது. சூரியனில் கண்ட மஞ்சள் கோட்டையும் உப்பிலுள்ள சோடியத்தின் கோடென்றே முதலில் எண்ணினார்கள். அவ்வருஷம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் அளந்து பார்த்து, இடம் சற்று விலகியிருப்பதால் இது சோடியமல்ல, பூமியில் காணாத புதுப்பொருள் என்றார். சூரியனுக்குக் கிரேக்க பாஷையில் உள்ள பெயரைக்கொண்டு அதற்கு ஹீலியம் என்ற பெயரும் வந்தது.

நிற்க, அவர் சொன்னதை ரசாயன சாஸ்திரிகள் பலர் நம்பவில்லை. நம்பாதவன் நரகத்துக்குப் போவான் என்று லாக்கியரும் சொல்லவில்லை. 27 வருஷம் கழித்து, 1895-ல் லண்டனில் ராம்சே என்பவர் யுரேனியம் கலந்த ஒரு தாதுவிலிருந்து வாயுவைப் பிரித்து எடுத்தார். அதில் அதே மஞ்சள் கோடு இருந்தது. சந்தேகப்பட்டவர்களை யாரும் ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. மெய்ப்பித்துக் காட்டியதும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பொருள்களிலெல்லாம் லேசானது ஹைட்ரஜன். அதற்கு அடுத்தது இந்த ஹீலியம். ஒன்றின் அணு எடை 1, மற்றதினுடையது 4. சூரியனின் மத்தியில் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகின்றது. அப்போது ஆயிரத்தில் சுமார் ஏழு பங்கு எடை குறைந்து, அது வெப்பமும் வெளிச்சமுமாக வெளிவருகின்றது. இப்படி வினாடிக்குச் சுமார் 40 லட்சம் டன் சூரியன் இளைக்கின்றது. ஏழு குதிரை பூட்டிய ரதத்துக்கு இதில் எங்கே வேலை என்று நமக்கு விளங்கவில்லை.

அணுவைப்பற்றி எங்கள் சாஸ்திரத்திலும் உண்டு என்று சிலர் வருவார்கள். இருக்கட்டும். அணுவைப்பற்றி நினைத்த முன்னோரை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் கிரகணத்தன்று தர்ப்பையைத் தேடியதேன்? பஞ்சாங்கக்காரர் கிரகணம் பிடிப்பதையும் விடுவதையும் நிமிஷக்கணக்காய் எழுதுகின்றார். பாம்புக்குப் பசியெடுக்கும் நேரம் இவருக்கு எப்படி முன்கூட்டித் தெரிந்தது? நிழலின் கணக்கு என்று தெரிந்துகொண்டேதான் நம்மிடம் பாம்புக்கதை சொல்லுகின்றார் என்பதல்லாமல் வேறென்ன?

26-12-2019-ல் தமிழ்நாட்டில் வளையக் கிரகணம் தெரிந்தபோதும் கோயில்கள் நடை சாத்தப்பட்டன. கிரகண தோஷம் சொன்னவருக்கே முதுகுவலி வந்தால் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கின்றார். அப்படிப்பட்ட இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் காந்தத்தைக் குளிரவைப்பது, கிரகணத்தைப் பார்த்தவர்கள் கண்ட அதே ஹீலியந்தான். அதற்குத் தீட்டு உண்டா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

21-5-2031-ல் தென்தமிழ்நாட்டில் மறுபடியும் வளையக் கிரகணம் தெரியும். அன்று தர்ப்பை வாங்கும் காசுக்குக் கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் கண் கெடும், அது சாஸ்திரமல்ல, உண்மை. வீட்டிலுள்ள கர்ப்பஸ்திரீகளுக்கு வேளைக்குச் சோறு போட்டு, அவர்களையும் வாசலுக்கு அழைத்துவந்து அந்தக் கண்ணாடி வழியாய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.