பணியிடப் பயிற்சியில் ஏ.ஐ.யும் பயிற்றுநரும்: சங்கத்தின் நிலைப்பாடு

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏ.ஐ. செயலியே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும், பயிற்றுநர் எதற்கு என்ற கேள்வி நிர்வாகக் கூட்டங்களில் இப்போது வெளிப்படையாகவே எழுகிறது. பணியிடப் பயிற்றுநர்களின் அமைப்பான இந்தச் சங்கம் அதற்குத் தன் பதிலை முன்வைக்கிறது. பாடத்தை விளக்கவும், திரும்பத் திரும்பப் பழக்கவும், சந்தேகம் தீர்க்கவும் ஏ.ஐ.யைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒருவர் தனியாக வேலை பார்க்கத் தயாரா என்று முடிவு செய்வதும், தவறு நடந்தபின் குழுவோடு உட்கார்ந்து பேசுவதும் மனிதப் பயிற்றுநரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும்.

ஏ.ஐ.யின் பலனைச் சங்கம் குறைத்து மதிப்பிடவில்லை. பொருளியலாளர் எரிக் பிரின்யால்ஃப்சன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, வாடிக்கையாளர் சேவையில் இருந்த சுமார் 5,000 ஊழியர்களைக் கவனித்தது. ஏ.ஐ. துணையோடு அவர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்சினைகள் சராசரியாக 14% கூடின. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் இந்த உயர்வு 34%. கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. அவர்கள் வாடிக்கையாளர்களிடம் பேசும் விதத்தைத்தான் அந்த ஏ.ஐ. கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தது. கைதேர்ந்தவர்களை உருவாக்கும் ஏற்பாட்டை ஒரு நிறுவனம் கைவிட்டால், அடுத்த ஏ.ஐ. யாரிடமிருந்து கற்கும்?

உதவி கிடைப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு. துருக்கியில் ஏறக்குறைய 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. சாட்ஜிபிடி போன்ற கருவியோடு கணக்குப் போட்டவர்கள், பயிற்சியின்போது மற்றவர்களைவிட 48% மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17% பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் தந்த குறிப்புகளோடு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. பள்ளியில் கண்டது தொழிற்கூடத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சங்கம் சொல்லவில்லை. ஆனால் திரையில் தெரியும் மதிப்பெண்ணை மட்டும் நம்பித் தகுதிச் சான்று கொடுப்பதற்கு முன் யோசிக்க இது போதும்.

இயந்திரமும் மனிதரும் பயிற்சியைப் பங்கிட்டுக்கொள்வதற்கு விமானத் துறை நல்ல முன்னுதாரணம். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைடெட் ஏர்லைன்ஸின் 173 விமானம், சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி வானிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்து, குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லியிருந்தார். கேப்டன் மனத்தில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. மறுஆண்டு நாசா இதுபோன்ற விபத்துகள் பற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம், குழுவாக முடிவெடுப்பதற்கான பயிற்சியைத் தொடங்கியது.

இந்தப் பயிற்சியில் விமானம் ஓட்டும் பகுதியைச் சிமுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. அது முடிந்ததும் குழு ஓர் அறைக்குப் போகிறது. அங்கே பயிற்றுநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1997இல் நாசா ஆய்வாளர்கள் ஒரு கையேடே தயாரித்தார்கள். தவறுகளைப் பட்டியலிட்டு வாசிக்காமல், கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். "நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லை" என்று இளைய விமானி தன் கேப்டனின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியும்வரை அந்த அமைதி நீள வேண்டும். 1989இல் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்த விமானம் ஒன்று அமெரிக்காவின் ஸூ சிட்டியில் மோதித் தரையிறங்கியது. அதில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதற்கு இந்தப் பயிற்சியையே முக்கியக் காரணமாகச் சொன்னார் அதன் கேப்டன் அல் ஹேன்ஸ்.

மனிதர் கேட்காமல் பிழை வெளியே வராத இந்த நிலைமை திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் உண்டு. தையல் மெஷினில், ஊசி விரலில் பாயாமல் தடுக்கும் நீடில் கார்டு மாட்டியிருக்க வேண்டும் என்பதை எந்தச் செயலியும், எந்த மொழியிலும், சலிக்காமல் சொல்லும். தொழிலாளியும் சரியான விடையைத் தொட்டுவிட்டுப் போவார். ஆனால் நூல் கோக்க அது இடைஞ்சல் என்பதால் கழற்றி வைப்பது உண்டு. பயிற்றுநர் மெஷின் பக்கத்தில் நின்று பதமாகக் கேட்டால்தான், "டார்கெட் முடிக்கோணும்னா அதைக் கழட்டித்தானுங்க ஆகோணும்" என்ற உண்மை வெளிவரும். அதை புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கொண்டுபோய், டார்கெட்டையோ கார்டின் அமைப்பையோ மாற்றச் சொல்வதும் பயிற்றுநர் வேலைதான். போபால் விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதையும் ஆய்வாளரிடம் முறையிடுவதையும் சேர்த்தே தொழிலாளியின் உரிமையாக்கியது.

ஆகவே சங்கம் நிறுவனங்களிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறது.

முதலாவது, ஆபத்துள்ள வேலைகளில் தகுதிச் சான்றில் நேரில் பார்த்த ஒரு பயிற்றுநரின் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டாவது, ஏ.ஐ.யோடு பழகும் நேரத்தைப் போலவே குழுவாகப் பேசும் நேரமும் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாக இருக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சியில் செய்த பிழைகளின் பதிவு சம்பள உயர்வையோ வேலை நீக்கத்தையோ முடிவு செய்யப் பயன்படக் கூடாது. கண்காணிப்புக்கும் எல்லை உண்டு: பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை ஏ.ஐ. மூலம் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு தவிர்த்த காரணங்களுக்காக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துள்ளது. பயிற்சி அறையிலும் அந்த எல்லை வேண்டும். நான்காவது, பாடத்தைச் செயலியில் ஏற்றும்முன் அந்த வேலையைச் செய்பவர்களும் பயிற்றுநர்களும் அதைச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்லைடைப் படித்துக்காட்டுவதோடு நின்றுவிடும் பயிற்றுநருக்காகச் சங்கம் வாதாடாது. அந்த வேலையை ஏ.ஐ. நன்றாகவே செய்யும். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஏ.ஐ. கருவிகளைப் பழகிக்கொள்ள வேண்டும், தொழிற்கூடத்துக்குள் போய் வேலையைப் பார்க்க வேண்டும், அங்கே கேட்டதை நிர்வாகத்திடம் எழுத்தில் தர வேண்டும். இனி பயிற்சி ஒப்பந்தம் போடும்போது மேற்கண்ட நான்கையும் அதில் சேர்க்கக் கேட்குமாறு சங்கம் அவர்களை அறிவுறுத்துகிறது.